மணற்பலகையும் ஆங்கில எழுத்தும்



சென்ற மாதம் நம் சங்கக் கட்டடத்தில் நிகழ்ந்த கூட்டத்தின்கண், ஐந்தும் ஆறும் வயதுடைய பிள்ளைகளுக்கு மாலை வேளையில் ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பொன்று தொடங்கல் வேண்டுமெனப் பெற்றோர் பலர் விண்ணப்பித்தனர். தாய்மொழியே செவ்வனே வாராத இளம்பிள்ளைக்கு வேற்றுமொழி எற்றுக்கு எனப் பெரியோர் சிலர் தடுத்தனர். இரு திறத்தார் கூற்றிலும் உண்மையுண்டு. முடிவு செய்யுமுன் இக்கல்வி நம் நகரத்தில் வந்த வழியை ஒரு கட்டுரையாக எழுதித் தருகவெனக் காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தனர். யாம் தமிழ்ப் பண்டிதரேயன்றி ஆங்கிலத்திற் புலமையுடையேம் அல்லேம். ஆயினும், இருபது ஆண்டுகளாக இவ்வடசென்னைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் தொழிலில் நிற்றலானும், ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட முறையால் இளமையில் ஒரு துன்பம் எய்தினேம் ஆதலானும், இப்பணியை ஏற்றனம்.

ஒற்றியூரில் ஓர் இலக்கண மண்டபம்

வேற்றுமொழி கற்றல் நம் கடற்கரைக்குப் புதியதன்று. திருவொற்றியூர்த் தியாகராசர் திருக்கோயிலில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்ததாகிய மூன்றாங் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. வியாகரணதான வியாக்கியான மண்டபம் என்னும் பெயருடைய மண்டபத்தில் பாணினியின் வடமொழி இலக்கணம் பயிற்றப்பட்டதும், அதன்பொருட்டு நிலம் விடப்பட்டதும் அதனால் அறியப்படும். இன்று பாரவண்டிகள் இரவும் பகலும் துறைமுகம் நோக்கி நிரை நிரையாய்ச் செல்லும் அப்பெருவழியின் அருகே, எண்ணூறு ஆண்டுகட்கு முன் வீட்டிற் பேசாத ஒரு மொழி முறையாகக் கற்பிக்கப்பட்டது.

ஆனால் ஒன்று கருதுக. அம்மண்டபத்திற் பயின்றோர் சிறு பிள்ளைகள் அல்லர். சொல்லும் பொருளும் முன்னரே ஒருவாறு அறிந்தவர். அன்னார்க்கு இலக்கணத்தை முன்வைத்துக் கற்பித்தல் பொருந்தும். பால்மணம் மாறாத பிள்ளைக்கு அம்முறை பொருந்துமோ? பின்னாளில் ஆங்கிலக் கல்வியில் நேர்ந்த தவறுகளுட் பெரும்பாலன இவ்வொரு வினாவை எண்ணாமையால் நேர்ந்தனவே.

கோட்டையும் துவிபாஷிகளும்

ஆங்கிலக் கும்பெனியார் 1639இல் இக்கரையில் இடம்பெற்றுக் கோட்டை கட்டிய காலத்தில், துறைமுகத்தின் பொதுமொழி ஆங்கிலம் அன்று, சிதைந்த போர்த்துக்கீசியமே. 1698ஆம் ஆண்டுப் பட்டயம், கும்பெனியின் குருமார் இந்நாடு வந்து ஓராண்டுக்குள் போர்த்துக்கீசியம் கற்றல் வேண்டுமென விதித்தது. சாவி, சன்னல், மேசை, அலமாரி, ஏலம், பாதிரி என நம் வீட்டிலும் வீதியிலும் வழங்கும் சொற்கள் அக்காலத்துத் துறைமுகப் பேச்சின் எச்சங்களாம். எவரும் பள்ளியில் இவற்றைப் பயின்றிலர். வாணிகமும் ஊழியமுமே ஆசிரியராயின.

கோட்டைக்குள்ளே 1715இல் புனித மேரி ஆலயத்தின் சார்பில் ஏழைப் பிள்ளைகட்கு ஓர் அறப்பள்ளி எழுந்தது. ஆங்கிலம் எழுதப் படிக்கக் கற்பித்த இதன் வழிவந்த பள்ளி சென்னையில் இன்றும் நடைபெறுகின்றது. 1717இல் தரங்கம்பாடித் தேனிய மிஷனைச் சார்ந்த குருண்ட்லர் என்பார், ஆளுநர் ஜோசப் காலெட்டிடம் இசைவு பெற்று, போர்த்துக்கீசியத்திற்கு ஒன்றும் தமிழுக்கு ஒன்றுமாக இரு பள்ளிகளைச் சென்னையில் ஏற்படுத்தினர். இந்தக் காலெட்டு துரையே திருவொற்றியூரை அடுத்து நெசவாளரைக் குடியேற்றியவர். காலெட்டுப்பேட்டை என்ற பெயர் நம் நாவிற் பட்டுக் காலடிப்பேட்டை ஆயிற்று. ஆங்கிலச் சொல்லைத் தமிழ்நா எங்ஙனம் தனக்கு இசைவாக வளைத்துக்கொள்ளும் என்பதற்கு நம் ஊர்ப் பெயரே சான்றாக நிற்கின்றது.

அக்காலத்தில் நம்மவருள் ஆங்கிலம் கற்றோர் துவிபாஷிகளே. இருமொழி வல்ல இவர்கள் வாணிகத்தில் இடைநின்று பெரும்பொருள் ஈட்டினர். 1794இல் இறந்த பச்சையப்ப முதலியார் இவ்வகுப்பினருட் சிறந்தவர். அவருடைய அறநிதியினின்றே பிற்காலத்து ஆயிரக்கணக்கான ஏழை மாணவர் கல்வி பெற்றனர். அதனைப் பின்னர்க் கூறுவாம்.

மணலிற் பிறந்த முறை

இனி, இக்கட்டுரையின் தலையாய செய்திக்கு வருவாம். 1789இல் எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரரின் ஆண்மக்களுக்கென ஓர் அனாதைச் சாலை நிறுவப்பட்டது. அப்பிள்ளைகளுட் பலர்க்குத் தாய்மார் இந்நாட்டவர். ஆகலின் அவர்தம் வீட்டுமொழி ஆங்கிலம் அன்று. அவர்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தல் வேண்டும். சாலையின் தலைவராக அமைந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1753இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் நாவிதர் ஒருவர்க்கு மகனாகப் பிறந்து, கல்வியால் உயர்ந்தவர். அவர்க்குக் கீழிருந்த உபாத்தியாயர்களோ மந்தமானவர்; மாதக்கணக்கிற் கற்பித்தும் பிள்ளைகட்கு எழுத்து வந்திலது.

ஒருநாட் காலையிற் குதிரைமீது செல்லுங்கால், அவர் ஒரு மலபார்ப் பள்ளியைக் கண்டனர். மலபார் என்றது அக்காலத்து ஐரோப்பியர் தமிழரைச் சுட்டிய சொல். சிறுவர் நிலத்திலமர்ந்து மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, வாயால் ஒலித்து, அழித்து, மீண்டும் வரைந்துகொண்டிருந்தனர். காகிதமும் மையும் இறகும் வேண்டாத இக்காட்சி அவர் உள்ளத்திற் பதிந்தது. அனாதைச் சாலையின் அரிச்சுவடி வகுப்பிலும் அவ்வாறே செய்கவென ஆணையிட்டனர். உபாத்தியாயர் இது நடவாது என்றனர். பெல் துரை சினந்திலர். பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சிறியோரை அவனிடம் ஒப்புவித்தனர். பெரியோர் இயலாது என்றதை அச்சிறுவன் செய்து முடித்தான். பின்னர் வகுப்புத்தோறும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாடு பரவியது.

நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளியை அறிந்தோர் இதனைப் படித்தவுடன் நகைப்பர். மணலில் எழுதுதலும், சட்டாம்பிள்ளை முறை வைக்க மற்றையோர் பின்சொல்லுதலும் நமக்குப் பழைய வழக்கமன்றோ? ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் அவ்வாறே தலைமுறை தலைமுறையாகக் கைம்மாறின. பெல் துரை செய்த புதுமை, அதனை ஆங்கிலக் கல்விக்கு ஏற்றி, வகுப்பு, பதிவு, மேற்பார்வை ஆகிய ஒழுங்குகளைச் சேர்த்து, ஒரு முறையாக வகுத்ததே.

1796இல் அவர் இந்நாடு விட்டேகினர். 1797இல் லண்டனில், சென்னை ஆண்பிள்ளை அனாதைச் சாலையிற் செய்த கல்விச் சோதனையைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டனர். ஏழைப் பிள்ளைகட்குப் பள்ளியில்லாத அந்நாட்டில் அது 'சென்னை முறை' என்னும் பெயரோடு பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் அதனையொத்த முறையொன்றை நடத்தினர்; யார் முதலில் என இருவர்க்கும் பெரும்பூசல் மூண்டது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த தேசியக் கழகம் பெல் முறையைக் கைக்கொண்டது. 1832இல் அவர் இறந்தபின் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். அவர் விட்டுச்சென்ற பொருளால் அவருடைய பிறந்த ஊரில் 1833இல் திறக்கப்பட்ட பள்ளி 'மெட்ராஸ் காலேஜ்' என்னும் பெயரோடு இன்றும் நிலவுகின்றது. நம் நகரம் தன் பெயரை மாற்றிக்கொண்டபின்னும் ஸ்காட்லாந்தில் அப்பெயர் மாறவில்லை.

அம்முறையின் குறையையும் மறைத்தல் நன்றன்று. ஒரே ஆசிரியரைக்கொண்டு நூற்றுக்கணக்கானோர்க்குக் கற்பித்தல் செலவைச் சுருக்குவதாயிற்று. நாளடைவில் அச்சிக்கனமே நோக்கமாகிப் பொருளுணராத மனப்பாடம் மிகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பயிற்சிபெற்ற ஆசிரியர்க்கு அது வழிவிட்டு மறைந்தது.

பதவிக்கு ஒரு மொழி

ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணமெங்கும் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தனர். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறக்குறைய 1,28,50,000 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும், 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். இவை பெரும்பாலும் நாட்டுமொழிப் பள்ளிகளே. ஆனால் 1835இல் மெக்காலே எழுதிய குறிப்பும், அதனை ஏற்றுப் பெண்டிங்கு பிரபு இட்ட ஆணையும் அரசாங்கப் பணத்தை ஆங்கிலக் கல்வியின் பக்கம் திருப்பிவிட்டன.

சென்னையிற் பள்ளிகள் விரைந்தெழுந்தன. 1837இல் ஜான் ஆண்டர்சன் பாதிரியார் அரண்மனைக்காரத் தெருவில் 59 பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளியே பின்னர்க் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1841இல் அரசாங்க உயர்நிலைப் பள்ளி ஏற்பட்டது. அது மாநிலக் கல்லூரியாயிற்று. பச்சையப்ப முதலியாரின் அறநிதி நெடுநாள் வழக்கிற் கிடந்து மீண்டபின், 1842 சனவரி 1ஆம் நாள் கறுப்பர் பட்டணத்தில் ஏழைகட்கு இலவசமாக ஒரு பள்ளி திறக்கப்பட்டது. துவிபாஷியின் பொருள் துவிபாஷை கற்பிக்கவே பயன்பட்டது பொருத்தமன்றோ! 1854இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வித் திருமுகம், பொதுமக்கட்கு அறிவு தாய்மொழி வாயிலாகவே சேரற்பாலதெனக் கூறிற்று. ஆயினும் உத்தியோகம் ஆங்கிலத்தின் கையில் இருந்தமையின், மக்கள் மனம் அவ்வழியே சென்றது.

நம் இராயபுரத்தில் 1856 சூலை 1ஆம் நாள் தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி புறப்பட்டது. டிக்கட்டு, ஸ்டேஷன், கார்டு, சிக்னல் என்னும் சொற்கள் பள்ளிவாசலை மிதியாதார் நாவிலும் ஏறின. 1870களிற் கட்டத்தொடங்கிய துறைமுகம் 1881ஆம் ஆண்டுப் புயலிற் சிதைந்து மீண்டும் எழுந்தது. மசூலாப் படகுகளில் ஏற்றியிறக்கியவர், பின்னர்ப் பாரந்தூக்கிகளின்கீழ் நின்றனர். அவர் செவியில் ஆங்கிலம் கட்டளையாகவே வீழ்ந்தது, கல்வியாக வந்திலது. குமாஸ்தாவுக்கு எழுத்து, கூலியாளுக்கு ஏவல் என மொழி இருகூறாயிற்று.

கணித மேதை சீனிவாச இராமானுசன் கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தில் தேறாமையாற் கல்வி உதவித்தொகையை இழந்தனர். அவரே 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் ஆங்கிலத்தில் அமைந்ததே. அவர்க்கு வாயிலை அடைத்த மொழியே வாயிலைத் திறந்தும் விட்டது. ஆதலின் ஆங்கிலம் வேண்டா என்று பெரியோர் கூறுவதை நாம் ஏற்க இயலாது. எவ்வாறு கற்பித்தல் என்பதே வினா.

எம் இளமையில் நேர்ந்தது

ஈண்டு எம் வாழ்விலிருந்து ஒன்று கூறுவாம். பள்ளியின் பெயரும் பணியிடத்தின் பெயரும் வேண்டா. எம் தந்தையார் துறைமுகத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் மூட்டை சுமந்தவர். தம் மகன் மேசைமேல் எழுதிப் பிழைத்தல் வேண்டுமென்று, தம் கூலியிற் பாதியைச் செலவிட்டு எம்மை ஓர் ஆங்கிலப் பள்ளியிற் சேர்த்தனர். அங்கே தமிழ்ச் சொல்லொன்று வாய்தவறி வந்தால் அபராதம் உண்டு. யாம் பசுவைப் பற்றிய கட்டுரையையும், விடுப்பு விண்ணப்பத்தையும் ஓரெழுத்தும் பிழையாமல் ஒப்புவிப்பேம். பொருள் வினவுவாரும் இலர்; கூறுவாரும் இலர்.

எமக்கு ஒன்பது வயதான காலத்து ஒருநாள், தந்தையார் ஆங்கிலத்தில் அச்சிட்ட அறிவிப்பொன்றைக் கொணர்ந்து, "படி அப்பா" என்றனர். யாம் முற்றத்தில் நின்று உரத்த குரலிற் படித்தேம். அண்டை வீட்டார் கூடினர். தந்தையார் முகத்திலெழுந்த பெருமிதத்தை இன்றும் மறந்திலேம். படித்து முடிந்தபின், "என்ன சொல்லியிருக்கிறது?" என்றனர். யாம் வாய் திறந்திலேம். பிள்ளை வெட்கப்படுகிறான் என்று அவரே சிரித்து, தாளை மடித்துச் சாமிபடத்தின் பின் வைத்தனர். சேமநிதிப் பணம் வேண்டுவோர் 15 நாட்களுக்குள் படிவம் தருதல் வேண்டுமென அத்தாள் கூறியதை, நாள் கடந்தபின் ஒரு குமாஸ்தா சொல்லவே அறிந்தனர். அப்பணம் கைக்கு வர இரண்டாண்டு ஆயிற்று. அதற்குள் எம் தமக்கையாரின் படிப்புப் பத்தாம் வகுப்போடு நின்றது. அவர் எம்மை ஒருநாளும் குறைகூறியதில்லை. ஆயினும், எழுத்து வாய்க்கு வந்து பொருள் நெஞ்சுக்கு வாராத கல்வியின் விலை யாதென்பதை யாம் அன்று அறிந்தேம்.

அறிஞர் கண்ட வழிகள்

இக்குறையைப் பலர் உணர்ந்தே இருந்தனர். வங்காளத்தில் டாக்காவிற் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், இருமொழிக் கல்வி பற்றி 1926இல் நூலெழுதி, அடிக்கடி வழங்கும் சொற்களைத் தெரிந்து, சிறிது சிறிதாகப் புதுச்சொல் புகுத்திப் பொருளுணர்ந்து படிக்கச்செய்யும் வாசகங்களை அமைத்தனர். 1959இல் சென்னை மாநிலத்தில், தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பித்த 27,000 ஆசிரியர்க்குப் புதுப்பயிற்சி அளிக்கும் பெருமுயற்சி தொடங்கிற்று. முதலிற் பயிற்சி பெற்றோர் பிறர்க்குப் பயிற்சியளிக்க, அவர் மற்றையோர்க்கு அளிக்கச் செய்தமையின், உருள உருளப் பெருக்கும் பனியுருண்டைக்கு இதனை உவமித்தனர். இலக்கண விதியை ஓதாமல், எளிய வாக்கிய அமைப்புகளைப் பொருளோடும் செயலோடும் பழக்குதல் அதன் கருத்து. பனியுருண்டை உருளுந்தொறும் பருக்கும். பயிற்சியோ கை மாறுந்தொறும் இளைக்கக்கூடும் என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1979 முதல் 1984 வரை, என். எஸ். பிரபு என்பார் பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினர். புகைவண்டிக் கால அட்டவணையைப் பார்த்து வழி கண்டறிதல், படத்தைப் பார்த்துக் கணக்கிடுதல் போன்ற வேலைகளை ஆங்கிலத்திற் கொடுத்தனர். மாணாக்கரின் கருத்து வேலையின் பொருளிற் செல்ல, மொழி தானே படியும் என்பது அவர் துணிபு. 1987இல் வெளிவந்த அவருடைய நூலை உலகெங்கும் ஆசிரியர் பயின்றனர். சென்னையினின்று உலகுக்குச் சென்ற இரண்டாம் முறை இது எனலாம்.

2003 முதல் சென்னை மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் புகுந்தது. பிள்ளைகள் பாயிலமர்ந்து, அட்டைகளை எடுத்து, தத்தம் விரைவிற் கற்று, ஒருவர்க்கொருவர் உதவினர். சுவரின் அடிப்புறத்துக் கரும்பலகையில் தாமே எழுதினர். 2007 முதல் மாநிலமெங்கும் அது பரவியது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும், முதல் மூன்று வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் ஆடலும் பாடலும் கைவேலையுமாகக் கற்பிக்க முனைந்தது. கூர்ந்து நோக்கின், எழும்பூரில் பெல் துரை கண்டதும் இதுவே: கை எழுதுக, வாய் ஒலிக்க, மூத்தது இளையதற்குக் கொடுக்க.

இலக்கணம் உரைக்கும் இரகசியம்

தமிழ் இலக்கணம் அறிந்த ஆசிரியர் ஆங்கிலம் கற்பிக்குங்கால் ஒரு நன்மையுண்டு. நம் பிள்ளை 'ஸ்கூல்' என்னாது 'இஸ்கூல்' என்கின்றது, உடனே அடிக்கின்றோம். தனிமெய் மொழிக்கு முதலில் வாராது என்பது தமிழ் மரபு. இலக்கணம் கல்லாத பிள்ளை, நன்னூலின் விதியைத் தன் நாவாற் காத்து, முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொண்டது. 'புக்' என்பதைப் 'புக்கு' என்றது, வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாமையின் உகரம் பெற்றது. இவை மடமை அல்ல, தாய்மொழியின் வலிமை. இதனை அறிந்த ஆசிரியர் அடியார், மெல்லத் திருத்துவர்.

தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்று. ஆங்கிலத்தில் அங்ஙனமன்று. சி, ஏ, டி என்று கூட்டினாற் 'சியேடி' ஆகுமேயன்றிப் பூனையைக் குறிக்கும் 'கேட்' என்னும் சொல் ஆகாது. ஆகவே பெயரை ஒப்புவிக்குமுன் ஒலியைக் கற்பித்தல் வேண்டும். 'நான் சோறு உண்டேன்' என்பதை ஆங்கிலர் 'நான் உண்டேன் சோறு' என்று அடுக்குவர். வினை இடம்பெயர்வதைச் சொல் அட்டைகளைத் தரையில் மாற்றி வைத்து விளையாட்டாகக் காட்டினால், ஆறு வயதுப் பிள்ளை அரைமணியில் உணரும்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்

ஆதலின் வகுப்புத் தொடங்குக என்பதே எம் கருத்து. ஆனால் நான்கு கட்டளைகளோடு தொடங்குக. முதலாவது, முதல் அரைமணி தமிழுக்கு. கதை கேட்டலும் எழுத்துமாக அது நிகழ்க. தமிழெழுத்தை ஒலியோடு இணைக்கக் கற்ற பிள்ளைக்கு, எழுத்தென்பது ஒலியின் குறி என்னும் அறிவு முன்னரே கைவந்திருக்கும், வேற்றெழுத்து எளிதாம். இரண்டாவது, பொருள் விளங்காத எதனையும் ஒப்புவிக்கச் செய்யாதிருத்தல். மூன்றாவது, தமிழ் பேசியதற்கு அபராதமோ அவமானமோ கூடாது. நான்காவது, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பயிலும் நம் பிள்ளைகள் முறைவைத்துச் சட்டாம்பிள்ளைகளாக அமர்க. பெண்மக்களும் அவ்விடத்தில் அமர்தல் வேண்டும். கற்பிப்பார்க்கும் கல்வி வளரும். அன்றியும் ஆசிரியர் ஒருவர்க்குமேல் ஊதியந் தரச் சங்கத்து நிதி இடந்தராது.

செலவு குறித்து அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வாம். எம் வகுப்பில் சென்ற ஆண்டு, பழைய முறங்களில் கடற்கரை மணலைச் சலித்துப் பரப்பினேம். நான்கு மாதமாகப் பென்சிலைத் தொட அழுத சிறுமியொருத்தி, அதில் விரலால் ஆங்கில எழுத்தொன்றை வரைந்து, ஒலித்து, தானே அழித்து, மீண்டும் வரைந்தாள். மணலிற் செய்த பிழைக்குச் சுவடில்லை. ஆகவே அவளுக்கு அச்சமில்லை.

முறம் நம் வீடுதோறும் உண்டு. மணல் நம் கடற்கரையில் உண்டு. வகுப்பின் இறுதியில் ஒவ்வொரு பிள்ளையும், தன் தந்தை கொணரும் ஒரு தாளைப் படித்து, அதன் பொருளைத் தமிழில் அவர்க்கு எடுத்துரைக்க வல்லதாதல் வேண்டும். அதுவே யாம் கருதும் தேர்வு. அத்தேர்வில் எம்மைப்போல் வாய்மூடி நிற்கும் பிள்ளை நம் தெருக்களில் இனி ஒன்றும் இல்லாதொழிக.